அடி தட்டியவள்

பானைக்காரி போய்ப் பழைய பானை வாங்கி வந்திருக்கிறாள் என்று அந்த வரிசையில் இருந்த ஏழு வீட்டாரும் இரண்டு நாள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கோலசிலாங்கூர் சாலையில் ஆற்றை ஒட்டி இருந்த அந்த ஏழு வீட்டு வாசலிலும் பானைதான் காய்ந்தது. துணி காயும் கம்பிக்குக் கீழே பானை, கோழிக்கூண்டின் மேலே பானை, விற்காமல் போனதில் கறிவேப்பிலைக் கன்று. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருத்தி பத்து வருடம் புழங்கிய பானையை சாரோங்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா?

"ஏன்டி ரமணி, கெம்போங் மீனு விக்கிறவன் பசாருக்குப் போயி கெம்போங் மீனே வாங்கிட்டு வந்தானாம். அந்தக் கதையால்ல இருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு வேலம்மா.

"சும்மா குடுத்தாங்க. வாங்கிட்டு வந்தேன்."

"சும்மா குடுத்தா பூனைக்குட்டியையும் வாங்கிட்டு வருவியா? எங்க காட்டு, பாப்போம்."

ரமணி காட்டவில்லை. பானையை அடுப்படியில் பலகைக்கு அடியில், வாய் சுவரைப் பார்க்க வைத்திருந்தாள்.

கார்த்திகைக்கு முந்திய வாரம் அது. எண்பத்தாறாம் வருடம். ஒவ்வொரு வருடமும் போல அவள் கூடையில் அகல் விளக்குகளை வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ்ஸில் போய், எஸ்டேட் லயங்களில் வீடு வீடாக விற்றுவிட்டுக் கடைசியில் கிராணி பங்களாவுக்குப் போனாள். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் மனைவி வாகீஸ்வரி வாசல் முழுக்க சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள். பிரம்பு நாற்காலி, தையல் மிஷின், ஒரு பக்கம் கதவு இல்லாத அலமாரி.

"விளக்கு எனக்கு வேண்டாம் பிள்ளை. வாற மாசம் நாங்கள் கிள்ளானுக்குப் போறம். மகன்ர வீடு மாடி வீடு. அங்க இதெல்லாம் வைக்க இடமில்லை. உனக்கு வேண்டுமெண்டால் உந்தப் பானையைக் கொண்டு போ. பத்து வருசமாத் தண்ணி வச்சுக் குடிச்சனாங்கள். ஒரு கீறல் விழேல்லை."

பானைக்காரிக்கே பானையா என்று சிரித்துக்கொண்டுதான் ரமணி அதைத் தூக்கினாள். தூக்கியதும் சிரிப்பு நின்றது. அந்த அளவுப் பானைக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை. விரலை மடக்கித் தட்டினாள். வெண்கலம் போலச் சத்தம் வந்தது. வாயோரத்தைத் தடவினாள். வழவழவென்று வந்த விளிம்பு ஓரிடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வால் விட்டிருந்தது. ஈரத்துணியால் விளிம்பை முடித்துவிட்டு விரலை எடுக்கும்போது மண்ணில் விழும் வால். தவளைக் குஞ்சின் வால் அளவுதான் இருக்கும். அதை அவள் எட்டு வருடமாகத் தினமும் பார்க்கிறாள். அவள் புருஷன் சேது விடும் வால்.

அதுவரை அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கோ ஓர் எஸ்டேட் பங்களாவில் தன் புருஷன் கைப்பானை. பிறகு கையை உள்ளே விட்டாள்.

சக்கரத்தில் தூக்கும்போது பானைக்கு அடி இருக்காது. இந்த ஜனங்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆண் சக்கரத்தில் வாயும் கழுத்தும் வயிறும் தூக்கி, அடி திறந்தபடியே அறுத்து வைத்துவிடுவான். அது ஒருநாள் காய்ந்து பதமானதும், பெண் மடியில் கவிழ்த்துப் போட்டு, உள்ளே ஒரு கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித்தட்டி மண்ணை நீட்டி அடியை மூடுவாள். பெண் சக்கரத்தைத் தொடக் கூடாது. அடுத்த வீட்டுச் சக்கரக் கொட்டகைக்குள் கால் வைக்கவும் கூடாது. ஆண் அடி தட்டக் கூடாது. ஒருவன் தூக்கிய பானைக்கு அவன் பெண்டாட்டிதான் அடி தட்ட வேண்டும். அவள் இல்லாவிட்டால் தாய், தாயும் இல்லாவிட்டால் உடன் பிறந்தவள். வேறு பெண் தட்டிய பானையில் பொங்கல் வைத்தால் குடும்பம் தங்காது என்பார்கள்.

சேதுவுக்குத் தாய் சிறு வயதிலேயே போய்விட்டாள். உடன் பிறந்த பெண் யாரும் இல்லை.

ரமணியின் கை உள்ளே அடியைத் தடவியது. கல் பதிந்த குழிகள் மீன் செதில் போல ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே அளவில் அடுக்கடுக்காக ஓடின. அவள் தட்டும் குழிகள் வலமிருந்து இடமாகச் சாயும். இவை இடமிருந்து வலமாகச் சாய்ந்திருந்தன. அதுமட்டுமல்ல. எங்கே பிடித்துப் பார்த்தாலும் ஒரே கனம். மேடில்லை, பள்ளமில்லை. அவள் பிறந்தது கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுக்கும் வீட்டில். கல்யாணத்துக்குப் பிறகுதான் பலகை பிடித்தாள். எட்டு வருடம் தட்டியும் இப்படி ஓர் அடி அவள் கையில் வந்ததில்லை. சூளை பிரிக்கும்போது பத்துக்கு நாலு அடியில் வெடித்திருக்கும். வரிசையில் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள், ரமணி வெடிப்பு என்று.

"யார்கிட்டம்மா வாங்குனீங்க இத?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"எழுபத்தாறில. எங்கட மூத்தவள் பெரிய பிள்ளையான வருசம். ஒரு புருசனும் பெண்சாதியும் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவை. பொடியன் வாயே திறக்கேல்லை. அவள்தான் கதைச்சவள். நான் தேத்தண்ணி குடுக்க இடக்கையால வாங்கினாள். எனக்கு விசர் வந்திட்டுது, ஏசினனான். அதுக்கு அவள் சிரிச்சுக்கொண்டு, எனக்கு இந்தக் கைதான் கையம்மா எண்டாள்."

"புருசன் பெஞ்சாதின்னு அவங்களே சொன்னாங்களா?"

"இதென்ன கேள்வி பிள்ளை? பாத்தால் தெரியாதே?"

பாத்தால் தெரியாதே. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் மழையில் நனைந்தபடி ஓட, அந்த ஒரு வார்த்தை அவள் மடியில் பானையோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டு வந்தது. எழுபத்தாறு. அவளுக்குக் கல்யாணம் எழுபத்தெட்டில்.

*

வீட்டில் சேது கொட்டகையில் இருந்தான். பொங்கல் பானை தூக்கும் காலம். அறுபத்திரண்டு பானைகள், அடி திறந்தபடி, பலகைகளின் மேல் வரிசையாக இருந்தன. மழைக்காலம் என்பதால் பதம் வர இரண்டு நாள் ஆகும். ஈரக் காற்றில் மண் வாசனையும் நேற்று வறுத்த கருவாட்டு வாசனையும் கலந்து நின்றன.

அவள் பானையை அவன் முன்னால் வைத்தாள்.

"இது யாரு தூக்குனது?"

சேது கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். தொடவில்லை. பானையைத் தொடாமல் பார்க்கும் ஆள் இல்லை அவன். அதிலேயே அவளுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

"எவனாச்சும் தூக்கியிருப்பான். ஊர்ல நான் ஒருத்தன்தானா?"

"வால் இருக்கு."

"இருந்தா?"

"சரி, தூக்குனது நீங்க இல்ல. தட்டுனது யாரு? அதையாச்சும் சொல்லுங்க. இடக்கைக்காரி. சைக்கிள்ள ஒங்க பின்னால ஒக்காந்து வந்தவ. கிராணியம்மா புருசன் பெஞ்சாதின்னு நெனச்சுத் தேத்தண்ணி குடுத்துருக்காங்க."

சேது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் அவன் சொன்னது அவளுக்கு முதலில் கேட்கவில்லை.

"என்ன?"

"அண்ணி."

அவனுக்கு ஓர் அண்ணன் உண்டு, பெயர் வீரன், செரண்டாவில் இருக்கிறான், பேச்சுவார்த்தை இல்லை. அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் வரவில்லை. அண்ணி ஒருத்தி இருப்பதை இந்த எட்டு வருடத்தில் அவன் வாயால் கேட்டதே இல்லை.

"அண்ணி எதுக்கு ஒங்க பானைக்கு அடி தட்டுனாங்க?"

"அண்ணன் மண்ணு லோரியிலேருந்து வுழுந்து மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. பொங்கலுக்கு ஒரு மாசம்தான் இருந்திச்சு. நான் தூக்குனேன், அவங்க தட்டுனாங்க. வேற யாரு இருந்தா?"

"அதச் சொல்றதுக்கு என்னா? இத்தன வருசம் ஏன் மூடி வெச்சீங்க?"

"சொன்னா நீ இப்படி நிப்பேன்னுதான்."

"அவங்க பேரு என்ன?"

"பேரு எதுக்கு ஒனக்கு?"

"எனக்கு வேணும்லா."

"காளியம்மா" என்றான். அந்தப் பெயரை அவன் கொஞ்சம் மெதுவாகச் சொன்ன மாதிரி அவளுக்கு இருந்தது. இருந்ததோ, இல்லையோ. பொறாமைக்காரியின் காதுக்கு எல்லாம் மெதுவாகத்தான் கேட்கும்.

மறுநாள் பானைகள் பதம் வந்தன. ரமணி தட்டும் பலகையை எடுக்கவில்லை. மகளுக்குத் தலை சீவினாள், சோறாக்கினாள், சம்பல் அரைத்தாள், கோழிக்குத் தீனி போட்டாள். கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

"பதம் வந்துருச்சு புள்ள" என்று சேது வாசலில் வந்து நின்றான்.

"வந்தா வரட்டும். தட்டுறதுக்குத்தான் நல்ல கை இருக்கே செரண்டாவுல. ஆளு அனுப்புங்க. என் கை வெடிக்கிற கை."

"கோயிலுக்கு ஒத்துக்கிட்டது. வெளயாடாத."

"நான் வெளயாடல."

அவன் சாக்குகளை நனைத்து நனைத்துப் பானைகளின் மேல் போட்டான். மழை அவனுக்குத் துணைக்கு வந்தது. வெயில் அடித்திருந்தால் ஒரே நாளில் எல்லாம் கல்லாகியிருக்கும். மூன்றாம் நாள் காலையில் ரமணி மகளை வேலம்மாவிடம் விட்டாள். செரண்டாவில் அந்த வீடு எங்கே என்று கேட்டதும் வேலம்மாவின் கண் விரிந்தது.

"பழைய ரோட்டுல முனியாண்டி கோயிலுக்குப் பின்னால. போயி என்ன பண்ணப் போற? முடியப் புடிச்சு இழுக்கப் போறியா?"

"மூஞ்சியப் பாக்கணும். அவ்வளவுதான்."

"பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு. பத்து வருசமாச்சு, நானும் மறந்துட்டேன்."

*

பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு பஸ், ரவாங்கில் ஒரு பஸ். செரண்டாவில் இறங்கும்போது பதினோரு மணி. வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒரு முகம் வரைந்து வந்திருந்தாள். மெல்லிய இடுப்பு, மூக்குத்தி, சிரிக்கும்போது ஒரு பக்கம் சாயும் உதடு. சைக்கிளின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து ஒரு கையால் பானையையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டு. அந்த இன்னொன்று எது என்பதை மட்டும் அவள் ரவாங் வரை முடிவு செய்யவில்லை. ரவாங்கைத் தாண்டியதும் அது சேதுவின் இடுப்பாகிவிட்டது.

கதவைத் திறந்தவள் நாற்பதைத் தாண்டியவள். அகலமான உடம்பு, முன்னால் நரைத்த தலை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. நாற்காலி செய்யும் பேக்டரியில் மரத்துக்கு வார்னிஷ் அடிக்கிற வேலை. விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. ரமணிக்கு அந்த நிமிடம் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. இதற்காகவா மூன்று நாள் தூங்காமல் கிடந்தோம்?

"யாரும்மா?"

"கோலசிலாங்கூர்லேருந்து வாறேன். சேது வீட்டுல."

காளியம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாரோங் மூட்டையைப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுமுன்பே அதை வாங்கி அவிழ்த்தாள். பானையைத் தூக்கி இடக்கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கிய கல் அப்போதே ரமணியின் நெஞ்சில் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டது. கை உள்ளே போன விதம் அப்படி. தன் வீட்டு அறைக்குள் விளக்கில்லாமல் நடப்பவள் போல அந்தக் கை நடந்தது.

"எங்க கெடச்சுது?"

"கிராணியம்மா வீட்டுல."

"ஏசுன அம்மா!" காளியம்மா சிரித்தாள். "ஒக்காரு ஆயி. பசியாறுனியா? ரெண்டு மணிக்குத்தான் எனக்கு சிப்ட்டு. மரவள்ளிக்கெழங்கு அவிச்சது இருக்கு."

கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் வந்தன. தேத்தண்ணி வந்தது, இடக்கையால். ரமணி தொடவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அவருக்கும் ஒங்களுக்கும்..." வாய் அங்கே நின்றுவிட்டது.

"படுக்கையான்னு கேக்குறியா? தொண்ட வரைக்கும் வந்துருச்சில்ல, துப்பிரு."

"ஆமா. அதத்தான்."

"இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். சாமி மேல் சத்தியம் இல்லை, கண்ணீர் இல்லை. கிழங்கில் ஒரு துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்தபின் கேட்டாள்:

"இல்லன்னு சொன்னதும் மனசு ஆறிச்சா?"

ரமணி கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"ஆறல. ஆறாது. எங்க வீட்டுக்காரருக்கும் ஆறல."

பிறகு அவளே சொன்னாள். புருஷனோடு வேலை செய்த காலத்திலும் அவள் பானைகள் பத்துக்கு நாலு வெடிக்கத்தான் வெடித்தன. வீரன் அடிப்பான், இடக்கைச் சனியன் என்பான். அவன் மணிக்கட்டு உடைந்து, கொழுந்தன் சக்கரத்தில் உட்கார்ந்தான். இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் காலையில் ஒரு வார்த்தை பேசாமல், சக்கரம் சுற்றும் கோலை எதிர்ப்பக்கம் போட்டு இடப்பக்கமாகச் சுற்றினான்.

"சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதோ மண்ணும் அந்தப் பக்கம் முறுக்கிக்கும் ஆயி. முறுக்கோட போயி தட்டுனா அடி தானா வந்து மூடிக்கும். எதிர்முறுக்கா தட்டுனா மண்ணு மொறைக்கும், சூளையில வச்சா பழி வாங்கும். இடக்கைக்காரி தட்டுறதுக்கு இடச்சுத்து வேணும். நான் கேக்கல. எனக்கே அது தெரியாது. அவனா பாத்துக் கண்டுபுடிச்சான். அந்த வருசம் நூத்துச் சொச்சம் பானை, ஒண்ணு வெடிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, இவருக்குக் கை சரியாச்சு. சக்கரத்துல ஒக்காந்தாரு. நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். நீங்களும் தம்பி மாதிரி மாத்திச் சுத்துங்களேன்னேன். அந்த ஒரு வார்த்ததான். சுத்துற கோலை முட்டியில வெச்சு ரெண்டா ஒடச்சாரு. மறுவாரம் இங்க வந்துட்டோம். இப்ப பேக்டரி கேட்டுல ஜாகா வேலை பாக்குறாரு. மண்ண நாங்க தொடல."

ரமணி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தாள். குடிக்க வேண்டும் என்றில்லை, கையில் எதையாவது பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"அக்கா, சக்கரம் எல்லாருக்கும் இடப்பக்கம்தானே சுத்தும்?"

"இல்லியே. வலப்பக்கம்தான். உலகம் பூரா வலம்தான்." சொல்லிவிட்டு காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், அவன் இன்னும் இடப்பக்கமாவா சுத்துறான்?"

கேட்கும்போது அவள் முகத்தில் ஒன்று வந்தது. ஒரு நொடிதான். வெட்கம் என்றும் சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. நரைத்த முடிக்கும் வார்னிஷ் கறைக்கும் கீழே இருந்து ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சைக்கிளில் வந்தவள் அவள்தான். ரமணி அவளைப் பார்த்துவிட்டாள்.

எட்டு வருடம். அவள் மடியில் கவிழ்த்த ஒவ்வொரு பானையும் வேறொருத்தியின் கைக்காகச் சுற்றிய பானை. வெடித்ததையெல்லாம் தன் கைக் குற்றம் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவன் வந்து, விடு புள்ள, மண்ணு சரியில்ல என்பான்.

அப்போது வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டையோடு வீரன் உள்ளே வந்தான். சேதுவின் முகமேதான், கொஞ்சம் காய்ந்து போனது. காளியம்மா எழுந்து நின்றாள்.

"யாரு?"

"தம்பி சம்சாரம்."

அவன் ரமணியைத் தாண்டி நடந்தான். பானையிடம் போனான். குனிந்து தூக்கினான். கட்டை விரலை விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வாலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இது என்னோடது" என்றான்.

காளியம்மா கிழங்குத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எங்கப்பன் சொல்லிக் குடுத்த வாலு. எனக்கும் தம்பிக்கும் ஒண்ணுதான். ஆனா இது என்னோடது. கை ஒடையறதுக்கு முந்தி தூக்குனது." அவன் கையை உள்ளே விட்டான். கை உள்ளே வெகு நேரம் இருந்தது. உள்ளே விரலுக்குத் தெரியும்படி வரிகள் ஏறியிருந்தன, சேது சுற்றிய இடச்சுற்றில். இருபது வருடம் சக்கரத்தில் இருந்தவன் விரலுக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்துதான் சொன்னானா, தெரியாமல் சொன்னானா, ரமணிக்குப் பிடிபடவில்லை. "என்னோடதுதான்" என்றான் மறுபடியும்.

காளியம்மா ரமணியைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

உள்ள வரியப் பாருங்க மாமா என்ற வார்த்தை ரமணியின் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இந்த வீடு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அவள் அதை விழுங்கியது இரக்கத்தால் அல்ல. சொன்னால் அந்தப் பானை மறுபடியும் சேதுவும் காளியம்மாவும் சேர்ந்து செய்ததாகிவிடும். இவன் சொல்வதை ஒத்துக்கொண்டால் அது இந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி பானை. அப்படியே இருந்து தொலையட்டும்.

"ஒங்களுதுதான் மாமா. அதான் கொண்டாந்தேன். வெச்சுக்குங்க" என்றாள்.

*

வீடு வந்து சேர மணி நாலாகிவிட்டது. மழை விட்டிருந்தது. சேது கொட்டகையில் சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். பானை திரும்பி வரவில்லை என்பதைப் பார்த்தான். கேட்கவில்லை.

ரமணி முதல் சாக்கை உருவினாள். முதல் பானையைத் தூக்கி, மண் ஊறப்போடும் குழியில் போட்டாள். இரண்டாவதை. மூன்றாவதை.

"ஏய்! என்னா பண்ற? பைத்தியமா ஒனக்கு?"

"சுடாத மண்ணுதான, ஊறிரும். நாளைக்கு மிதிக்கிறேன்."

"அறுபத்திரண்டு! பொங்கலுக்கு ஒரு மாசம்தான் இருக்கு!"

"இருக்கட்டும். சக்கரத்த வலப்பக்கமாச் சுத்துங்க."

அவன் கையில் இருந்த சாக்கில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி சொன்னாங்களா?"

"எட்டு வருசமா என் பானை வெடிச்சுது. ஒனக்குத் தெரியுமா தெரியாதா?" அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே அது கேட்டது.

"மொத வருசம் தெரியும்" என்றான் கடைசியில். "மாத்திரணும்னுதான் இருந்தேன். அப்புறம் கை அந்தப் பக்கமே போச்சு. மறந்துட்டேன்."

"கையா?"

"கைதான்."

"கை மட்டும்தானா?"

அவன் சாக்கைப் பிழிந்து கீழே போட்டான். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மிச்சமிருந்த பானைகளை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டாள். ஐந்தாறு போனதும் அவனும் வந்து தூக்கிக் கொடுத்தான்.

"அவங்க கேக்காமலே செஞ்சீங்களாம்" என்றாள், குழிக்குள் பார்த்தபடி. "நான் கேக்குறேன். செய்றீங்களான்னு பாப்போம். கோலை ஒடைக்கணும்னா ஒடச்சிருங்க. ஒங்கண்ணன் ஒடச்ச மாதிரி."

அவன் கோலை உடைக்கவில்லை. மறுநாள் முழுக்க அவள் மண் மிதித்தாள். அதற்கு மறுநாள் விடியக்காலம் அவன் கோலை வலப்பக்கமாகப் போட்டான். சக்கரம் திணறிச் சுற்றியது. மண் நடுவில் நிற்கவில்லை. முதல் பானை கழுத்து வரை வந்து சாய்ந்தது. இரண்டாவது வயிற்றோடு கிழிந்தது. அந்த வரிசையிலேயே வேகமான கை அது. பத்து வயதுப் பையன் கை போல உளறியது. அடுத்த வீட்டுக் கொட்டகை வழக்கம் எல்லாம் மறந்து வேலம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னா சேது, இன்னிக்குத்தான் படிக்க ஒக்காந்தியா?"

"ஆமாங்க்கா, வாத்தியாரு ரொம்பக் கண்டிப்பு" என்றான் சேது, ரமணியைப் பார்க்காமல்.

உச்சி வெயிலுக்குள் ஒன்பது பானை தேறியது. அவற்றின் வாய்கள் கொஞ்சம் கோணலாக இருந்தன. வால்கூட வேறு பக்கம் திரும்பியிருந்தது. மறுநாள் அவை பதம் வந்ததும் ரமணி முதல் பானையை மடியில் கவிழ்த்தாள். கல்லை உள்ளே பிடித்துப் பலகையால் தட்டினாள். நாலு தட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மண் முறைக்கவில்லை. அவள் போகச் சொன்ன பக்கமெல்லாம் போனது. கண் முன்னால் அடி தானாக வந்து மூடியது. கையை உள்ளே விட்டுத் தடவினாள். மேடில்லை, பள்ளமில்லை.

அவளுக்கு அழுகையோ சிரிப்போ வரவில்லை. இதை அவன் காளியம்மாவுக்கு மூன்றாம் நாளே கொடுத்தான், கேட்காமலே கொடுத்தான் என்ற நினைப்புதான் வந்தது.

பானையைக் கீழே வைத்தாள். "நல்லா வந்துருக்கா?" என்று சக்கரத்தில் இருந்தபடியே சேது கேட்டான்.

"அடுத்தது தூக்குங்க."

அவன் கோலை எடுத்தான். பழக்கத்தில் அவன் கை இடப்பக்கம் போனது. ரமணி பலகையால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் கை நின்று, வலப்பக்கம் திரும்பியது. அடுத்த பானைக்கும் அப்படியே. அதற்கடுத்த பானைக்கு அவன் கை தானாகவே வலம் போனது, அதற்குப் பிறகு மறுபடியும் இடம் போனது. அன்று மதியம் சோற்றுக்கு எழுந்திருக்கும்வரை அவள் பதினொரு தடவை தட்டினாள்.

மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் எட்டு.

பொங்கலுக்கு நாற்பது பானை தேறியது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. வரிசையில் எல்லோரும் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, ரமணிக்குக் கை வந்துவிட்டது என்றார்கள். மாசி மாதம் சட்டிக்கு மண் போட்டபோதும் அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று அவன் கை மூன்று தடவை இடப்பக்கம் போனது. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.